நாலாயிரம் வருஷத்துத் துணி

"…துணி பாக்கலாம் வாங்கக்கான்னுதானே இட்டாந்த? உள்ள ஒரு ஆளு படுத்துகினு கீறாருன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?"

அத்தை கேட்டது என் மாமாவை. கேட்ட இடம், மெட்ராஸில் எகிப்துக் கண்காட்சி நடந்த பெரிய கட்டடத்தின் கடைசி அறை. எதிரே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் மம்மி. அத்தைக்குப் பின்னால் பத்து வயசு நான். அத்தை நகர்ந்தால் அடுத்தது என் முறை. அத்தைதான் நகரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. இப்போது எனக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் முதலில் கோபம்தான் வருகிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான். ஏனென்று சொல்கிறேன்.

எங்கள் வகுப்பில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி இருந்தாள். திருத்தணியிலிருந்து மெட்ராஸ் போய் அந்த மம்மியை முதலில் பார்த்துவிட்டு வந்தவள் அவள்தான். டீச்சர் அவளை மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு பீரியட் முழுக்கப் பேசச் சொன்னார். பல்லெல்லாம் அப்படியே இருக்கிறதாம், தலையில் நாலு முடிகூட இருக்கிறதாம். கண் இமை இருக்கிறதா என்று நான் எழுந்து கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். அதெல்லாம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் என்றாள். வகுப்பே சிரித்தது, டீச்சரும் சிரித்தார். நான் உட்கார்ந்தேன். உட்காரும்போதே முடிவு பண்ணிவிட்டேன், அந்த முகத்தைப் பார்க்காமல் இந்தப் பள்ளிக்கூடத்தில் இனி வாயைத் திறப்பதில்லை என்று.

நைனாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெண்பிள்ளையை மாமாவோடு மட்டும் மெட்ராஸுக்கு அனுப்ப முடியாது, அத்தை கூடப் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அத்தையை நகர்த்துவது மலையை நகர்த்துவது என்று அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னார்.

அத்தை நைனாவுக்கு மூத்தவள். ஆர்.கே.பேட்டையில் வாழப் போய், புருஷன் போனபிறகு எங்கள் வீட்டோடு வந்து, தனக்கென்று ஒரு தறி போட்டுக்கொண்டு கைலி நெய்தவள். எந்தத் துணியைப் பார்த்தாலும் அதன்மேல் விரல் போய்விடும். கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற சாக்கில் கூறைப்புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, என்ன நம்பர் நூல், எந்த ஊர்த் தறி என்று என் அம்மா காதில் சொல்லிவிடுவாள். கல்யாணத்துக்கு இப்படி ஓடி ஓடிப் போகிறவள், சாவு வீட்டுக்கு மட்டும் போகவே மாட்டாள். அடுத்த வீட்டில் செத்தால்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவாள். தெருவில் அதை ராங்கி என்றார்கள். "அவுங்க ஊட்ல நாளைக்கு எதுனா ஆச்சின்னா நாம போவணுமா வாணாமா?" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசியதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளிடம் மம்மி என்று சொன்னால் வருவாளா? அங்கேதான் மாமா புகுந்தார். அம்மாவின் தம்பி அவர். சொன்னது எதிலும் பொய் இருக்காது, சொல்லாமல் விட்டதில்தான் இருக்கும். தறிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார்.

"நாலாயிரம் வருசத்துத் துணிக்கா. மண்ணுக்குள்ள கெடந்துகினு இருந்துச்சாம். ஒரு எழ போவல."

தறி நின்றது. பருத்தியா என்று அத்தை கேட்டாள். பருத்தி இல்லை, ஏதோ நார்ச்செடி என்றார் மாமா. கஞ்சி போட்டதா? தெரியாது, நீங்கள்தான் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். அகலம்? அதையும் நீங்கள்தான் சொல்லவேண்டும். அந்தத் துணி எதைச் சுற்றியிருக்கிறது என்று மட்டும் அத்தை கேட்கவில்லை. துணி என்றால் துணிதான் அவளுக்கு. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாசஞ்சர் பிடித்தோம். வண்டி அரக்கோணத்தில் நின்றபோது அத்தை தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள். ரயில் தலைசுற்றல் என்று நினைத்தேன். மெட்ராஸில் இறங்கி, பஸ் ஏறி, கண்காட்சி வாசலுக்குப் போனால் ஆடிக் கிருத்திகைக்கு மலையில் நிற்கிற கூட்டம் நிற்கிறது. இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றோம். நடுவில் ஒரு பஸ்ஸில் ஷூ போட்ட பிள்ளைகள் வந்து இறங்கி, வேறு வாசல் வழியாக நேரே உள்ளே போனார்கள். அவர்கள் பின்னாலேயே போகப் பார்த்த என்னைக் காவலாளி தோளைப் பிடித்துத் திருப்பி விட்டான். ஷூ இல்லாதவளுக்கு மம்மி எதற்கு என்று நினைத்தானோ என்னவோ. அந்தக் கை பட்ட இடம் இன்னும் எரிகிறது.

உள்ளே போனதும் அத்தையைப் பார்க்கவேண்டுமே. தங்க மாலை, பூனைச் சிலை, மண் பானை எதுவும் அவள் கண்ணில் படவில்லை. ஓரமாக ஒரு பெட்டியில் பழுப்பேறிய துணித் துண்டுகள் வைத்திருந்தார்கள். அங்கே போய் நின்றவள்தான். கண்ணாடிமேல் மூக்கை வைத்து, உதடு அசைய இழை எண்ணினாள். கரை எவ்வளவு நேராக வந்திருக்கிறது பார், நெய்தவன் பொறுப்பாக நெய்திருக்கிறான் என்றாள். ஓரிடத்தில் இழை அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. "நாமளும் இப்பிடித்தாண்டி போடுவோம்" என்று என்னிடம் காட்டி, ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோலச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நானோ அவள் கையைப் பிடித்துக் கடைசி அறைக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். அங்கே இன்னும் பெரிய துணி இருக்கிறது என்றேன். அந்த வார்த்தை என்னுடையது. மாமாமேல் போட முடியாது.

கடைசி அறையில் ஒரே சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. மம்மியின் கழுத்துவரை துணிக்கட்டைப் பிரித்து முகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஒருவர், பல்லைப் பார்த்தால் வெற்றிலை போடுகிற ஆசாமி மாதிரி இருக்கிறது என்று சொல்ல, அறையே சிரித்தது. இன்னொருவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, இந்த மம்மி மாமாவுக்கு டாட்டா சொல்லு என்றார். அப்போதுதான் அத்தை பெட்டியருகே வந்தாள். துணியைத்தான் முதலில் பார்த்தாள். பார்வை மெதுவாக மேலே ஏறியது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி மாமாவைக் கேட்டதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாமா அசடு வழிந்தார். இது பொணமில்லைக்கா, மம்மி என்றார்.

"பேர மாத்திட்டா ஆளு மாறிடுவாரா?" என்றாள் அத்தை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எனக்குக் கல்யாணமான பிறகு, ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னது. அத்தையின் புருஷன் கைலி மூட்டையோடு அரக்கோணத்தில் ஓடுகிற வண்டியில் ஏறப் போய் விழுந்தவர். பெரிய அதிகாரி வந்து எழுதிக்கொள்ளும்வரை தொடக்கூடாது என்று அவரை வெயிலில் அப்படியே போட்டிருந்தார்களாம். காலையிலிருந்து மத்தியானம்வரை. வண்டி மாறுகிற ஜனங்கள் டீ கிளாஸும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சேதி கேட்டு ஆர்.கே.பேட்டையிலிருந்து ஓடிவந்த அத்தை, வழி விடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். முன்னால் நிற்கிறவர்கள் பார்த்துவிட்டு வரட்டும், அவசரப்படாதே என்றானாம் ஒருத்தன். மேலே ஒரு துண்டு போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றது, வகுப்பு சிரித்தது, இப்போது என் முறை வந்திருப்பது.

பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அத்தை உள்ளே போனாள். பெட்டிக்கு முதுகைக் காட்டி எங்கள் பக்கம் திரும்பினாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளத்தங்கரையில் ஒருத்தி சேலை மாற்றும்போது இன்னொருத்தி மறைத்து நிற்பாளே, அப்படி. நான் இடது பக்கம் ஓடினேன். முந்தானை இடது பக்கம் வந்தது. வலது பக்கம் ஓடினேன், அங்கேயும் வந்தது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். காவலாளி வந்து, நகரும்மா, நகரும்மா என்று அதட்டினான். அழுகையும் ஆத்திரமும் முட்ட, நான் அத்தையின் கையைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கையைச் சற்று மேலே தூக்கி, முந்தானையை இன்னும் அகலமாக விரித்தாள்.