மீன் பெட்டிக் கீரை

அண்ணன் அழகுமலை ஒரு காகிதத்தை நீட்டினால் செவந்தி அதைப் படித்துப் பார்க்க மாட்டாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்பாள். அவன்மேல் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கை. அதை வைத்துத்தான் அவன் அவள் தலையில் மிளகாய் அரைத்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தார். வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அவர்களுடைய ஊரில், கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு கேட்பதில்லை. எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பட்டுச்சேலையை வாங்கிக்கொண்டு, பத்திர ஆபீசுக்கு எதிரே கூடப்பிறந்தவன் வாங்கித் தருகிற பிரியாணியையும் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? செவந்தியும் போட்டாள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள். கிணற்றடியில் இருக்கிற மூன்று சென்டில் தான் பயிர் வைத்துக்கொள்ள வேண்டும்.

"இதெல்லாம் கேக்கணுமாத்தா? நீ இருக்கிற வரைக்கும் அந்த மூணு சென்டு ஒனக்குத்தான். பத்திரத்துல எழுதுனாத்தானா? அண்ணன் சொன்னாப் பத்தாதா?" என்றான் அழகுமலை.

பத்தும் என்றுதான் அவள் நினைத்தாள். மகள் கார்த்திகா பிறந்தபோது செவந்தி பிழைப்பாளா என்றே தெரியாமல் கிடந்தாள். அப்போது ஓடிவந்து ரத்தம் கொடுத்தவன் அழகுமலை. அவனிடம் போய் எழுதிக்கொடு என்று எப்படிக் கேட்பது?

செவந்தியின் வீட்டுக்காரர் எழிலரசன் புதுக்கோட்டையில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். குடியிருப்பது மாடியில் ஒரு வாடகை வீடு. கல்யாணமாகி டவுனுக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் மண்ணைக் கொத்தாமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. சனிக்கிழமை விடிந்தால் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய்விடுவாள். அந்த மூன்று சென்டில் கத்தரி, மொச்சை, மிளகாய், வள்ளிக்கிழங்கு என்று மாற்றி மாற்றி வைத்தாள். சாயங்காலம் மடி நிறையக் காயோடு பஸ் ஏறும்போது, பிறந்த வீட்டுக்குப் போய்வந்த பெருமை முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

ஒரு சனிக்கிழமை போனால், கிணற்றடியைச் சுற்றிக் கம்பிவேலி. வேலிக்கு ஒரு கேட்டு, கேட்டுக்கு ஒரு பூட்டு. கேட்டதற்கு, ஆடு மேய்கிறது என்றான் அழகுமலை. சாவி எங்கே என்றதற்கு, எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றான். இரண்டு வருஷமாகியும் அந்தச் சாவி கிடைக்கவில்லை. அவன் மட்டும் தினமும் அந்தக் கேட்டைத் திறந்து உள்ளே போய்வந்துகொண்டிருந்தான்!

அந்த இரண்டு வருஷத்தில்தான் மீன் பெட்டி வந்தது. கார்த்திகா திருச்சியில் வண்ணமீன் கடையில் வேலை பார்க்கிறாள். அம்மா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற சின்ன மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்தாள். "மண்ணே வேணாம்மா. தண்ணியிலயே கீரை வளக்கலாம். வீடியோவுல பாத்தேன்" என்றாள்.

செவந்தி முதலில் சிரித்தாள். பிறகு மீன் கடையில் தூக்கிப்போடுகிற தெர்மாகோல் பெட்டிகள் இரண்டை வாங்கிவந்து, கவிச்சி போகப் புளி போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தாள். மூடியில் ஆறு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஐஸ்கிரீம் கப்பு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கப்பின் அடியில் துளைகள். கப்பில் ஒரு துண்டு ஸ்பஞ்சு, ஸ்பஞ்சுக்குள் முளைத்த விதை. பெட்டி நிறைய உரம் கலந்த தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் மோட்டார் ராத்திரி பகலாகக் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் தோட்டம்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். உரம் இரண்டு பாட்டிலில் வரும். முதல் தடவை இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றினாள். திரிந்த பாலாகப் போய்விட்டது. தனித்தனியாகத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. போர் தண்ணீர் உப்பு, ஆகவே காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குப் பிடித்துவைக்க வேண்டும். பெட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும் என்று கறுப்புப் பாலிதீனைச் சுற்றினாள். சித்திரை வெயிலில் தண்ணீர் சுட ஆரம்பித்ததும், பிரிட்ஜில் உறையவைத்த பாட்டில்களை உச்சிவேளையில் பெட்டிக்குள் இறக்கினாள். கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும். காற்றில்லாமல் வேர் அழுகிவிடுமே என்று கரண்டியால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "பெத்த புள்ளைக்குக்கூட நீ இவ்வளவு பாக்கல" என்று எழிலரசன் கேலி பண்ணுவார்.

கீரை வந்தது. பாலக்கீரை ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அகலம். புதினாவும் கொத்தமல்லியும் தெருவில் நாலு வீட்டுக்குப் போயின. ஆனாலும் செவந்திக்கு மனசு ஆறவில்லை. கத்தரியும் கிழங்கும் அந்தச் சின்னப் பெட்டியில் வராது. அதைவிட, கிணற்றடி என்பது அவளுக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம். அது இல்லையென்றால் ஊருக்குப் போக என்ன காரணம் இருக்கிறது?

போன தை மாசம் காதில் ஒரு சேதி விழுந்தது. அழகுமலை கிணற்றடியையும் சேர்த்து மொத்த நிலத்தையும் பிளாட் போடுகிறவருக்குக் கொடுக்கப் போகிறானாம். கேஸ் போடலாம் என்றார் எழிலரசன். அண்ணன்மேல் கேஸா என்று காதைப் பொத்திக்கொண்டாள் செவந்தி. கடைசியில் ஊர்ப் பஞ்சாயத்தை நடத்துகிற அம்பலமான மூக்கனிடம் போய் முறையிட்டாள். மாசித் திருவிழா முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்கலாம் என்றார் அவர்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால், வாயெல்லாம் பல்லாக அழகுமலை மாடிப்படி ஏறிவந்தான். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

செவந்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் மனசு மாறித்தான் வந்திருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். பாலக்கீரையைப் பறித்துப் பருப்புப் போட்டுக் கடைந்து, நெய்யூற்றிப் பரிமாறினாள். அவன் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"என்னாத்தா இது, எளசா வெண்ணெயாட்டம் இருக்கு! எங்கிட்டு வாங்குன?"

"வாங்கலண்ணே. நாந்தான் வளக்குறேன். வாங்க, காட்டுறேன்."

மொட்டை மாடியில் பச்சை வலைக்குக் கீழே இருந்த பெட்டிகளைக் காட்டினாள். மூடியைத் தூக்கி, வெள்ளை வெளேரென்று தொங்குகிற வேரையும் காட்டினாள். அழகுமலை படம் பிடிக்கப் போனை எடுத்தான்.

"ஒங்க மதினிகிட்ட காட்டணும். சொல்லு, சொல்லு. அப்ப மண்ணே வேணாமா?"

"மண்ணுன்னு ஒண்ணு வேணவே வேணாம்ண்ணே! மண்ணுல வக்கிறத விட இதுல வெரசா வருது. எடமும் வேணாம். இந்தா, இந்த மூலையே போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பேசுவது அண்ணனிடம்தானே என்று பெருமையை அள்ளிவிட்டாள்.

போகும்போது அழகுமலை அவள் தலையில் கைவைத்து, "கூட்டத்துல எல்லாம் நல்லபடியா முடியும். மனசப் போட்டு ஒழட்டாத" என்றான். ஒரு கட்டுக் கீரையையும் வாங்கிக்கொண்டான்.

"ஒங்க அண்ணன் சும்மா வர்ற ஆளா?" என்று எழிலரசன் கேட்டதற்கு செவந்தி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மாரியம்மன் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம் கூடியது. முப்பது நாற்பது ஆண்கள். பெண் என்று அவள் ஒருத்திதான். எழிலரசனுக்கு அன்று ஓட்டலில் லீவு கிடைக்கவில்லை. போகட்டும், அண்ணன்தான் விட்டுக்கொடுக்கப் போகிறானே என்று அவளும் வற்புறுத்தவில்லை. மூக்கன் அம்பலம் முதலில் அழகுமலையைப் பார்த்து, "என்னப்பா சொல்ற?" என்றார்.

"நான் ஒண்ணும் பேசலங்க. எந்தங்கச்சியே பேசட்டும்" என்றான் அவன்.

செவந்தி எழுந்திருக்கப் போனாள். அவள் எழுவதற்குள் அவளுடைய குரலே கொட்டகையில் கேட்டது. அழகுமலை போனை அம்பலத்தின் கையில் கொடுத்திருந்தான். மண்ணுன்னு ஒண்ணு வேணவே வேணாம்ண்ணே. எடமும் வேணாம். அப்புறம் அந்தச் சிரிப்பு.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு இதற்காகவா வந்தான்? நெய்யூற்றினேனே என்று நினைத்தாள். அந்த நேரத்தில் ஏனோ அந்த நெய்தான் அவளுக்கு நினைவு வந்தது.

"ஏத்தா, இது நீ பேசுனதுதானே?" என்றார் அம்பலம்.

"ஆமாங்க. ஆனா அது வேறங்க. அதுல கீரைதான் வரும். கெழங்கு வராது, கத்திரி வராது. கெணத்தடிய எனக்குத் தாரேன்னு அண்ணன் வாக்குக் குடுத்துச்சு. அதத்தாங்க கேக்குறேன்."

"வாக்குக்கு எழுத்து இருக்கா?"

"இல்லைங்க."

"அவங்கிட்ட இருக்குல்ல, நீ போட்ட கையெழுத்து. நீயும் மண்ணு வேணாங்குற. அப்புறம் என்னத்துக்கு ஆத்தா சண்டை?"

மண்ணில்லாமல் வெள்ளாமை பார்க்கிறவளை நம் ஊருக்கு விவசாய ஆபீசராகப் போடலாம் என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். கொட்டகையே சிரித்தது. அழகுமலையும் சிரித்தான். சிரித்துவிட்டு, பெரிய மனசு பண்ணி, எல்லார் காதிலும் விழும்படி ஒன்று சொன்னான்.

"கூடப்பொறந்ததை வெறுங்கையோட அனுப்ப மாட்டேங்க. கெணத்துத் தண்ணி ரெண்டு கொடம் வேணுங்கிறப்ப வந்து எடுத்துட்டுப் போகட்டும். அதுக்குத் தண்ணிதானே வேணும்!"

நல்ல அண்ணன் என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள். ராசியாகப் போங்கள் என்று சொல்லி அம்பலம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

செவந்தி பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். மற்றவர்கள் சிரித்ததுகூடப் பெரிதில்லை. அந்த மூன்று சென்டைத் தர மனசில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால்கூட, அழுதுவிட்டு விட்டிருப்பாள். அவள் வாயாலேயே அவளைத் தோற்கடிக்கவா வீடு தேடிவந்து சாப்பிட்டான்? தலையில் கைவைத்தானே, அப்போது அந்தக் கை கொஞ்சமாவது கூசியிருக்காதா?

பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான் அழகுமலை. அவன் முகத்தில் எதையாவது தேடினாள். ஒன்றுமில்லை. எப்போதும்போல இருந்தான்.

"கோவிச்சுக்கிட்டியா? இதெல்லாம் சகசம் ஆத்தா. ஆமா, ஒங்க மதினிக்கு அந்தக் கீரை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அடுத்த வாரம் டவுனுக்கு வாரேன், ஒரு கட்டு எடுத்து வையி."

"வராதண்ணே" என்றாள் செவந்தி.

அவன் சிரித்தான். நிறுத்தத்தில் நின்றவர்களைப் பார்த்து, "சின்னதுலேருந்தே இப்படித்தான். ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அவன் சொன்னதும் பொய்யில்லை. இதுநாள்வரை இரண்டு நாளில் சரியாகிக்கொண்டுதான் இருந்தாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவள் புதுக்கோட்டை என்றாள். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய், "யாரும்மா செத்துட்டாக?" என்று கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றாள் செவந்தி.