நின்று நின்று போன என் மொரிஸ் மைனர்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. புதுக் கார்களின் விலையைக் கேட்டாலே தலை சுற்றிய காலம். வெள்ளவத்தையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நான், ஐம்பது வயதில், ஓடாமல் கிடந்த ஒரு பழைய மொரிஸ் மைனரை வாங்கினேன். “உமக்கென்ன விசரே?” என்று கேட்டார் என் கணவர். அதன் உருண்டை முகத்தைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு பாஸிடம் அதை ஒப்படைத்தேன். மெக்கானிக்கை இங்கே எல்லோரும் பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் ஒரு முஸ்லிம், அதிகம் கதைக்கமாட்டார். சனிக்கிழமைகளில் போய் ஒரு ஸ்டூலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிரேக் சரியானால் லைட் எரியாது. லைட் எரிந்தால் கதவு பூட்டாது. இப்படியே ஐந்து மாதம் போயிற்று. கடைசியாக, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரையும் கழற்றிக் கழுவிப் பூட்டினார். கார் தையல் மெஷின் மாதிரிச் சீராகச் சத்தம் போட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று பின்னேரமே கோயிலுக்குக் கொண்டுபோய் வாகன பூசை செய்தோம். சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், முன்னுக்கு மாலை, சந்தனம், குங்குமம், எல்லாம் குறைவில்லாமல் நடந்தது.

அடுத்த கிழமையிலிருந்து பிடித்தது சனியன். வெள்ளவத்தையில் நன்றாகத்தான் புறப்படும். கொள்ளுப்பிட்டி வரும்போது இருமும், குலுங்கும், நின்றுவிடும். பின்னால் பஸ்காரர் விடாமல் ஹோர்ன் அடிப்பார். அரை மணித்தியாலம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். வெயில்தான் காரணமோ என்று பார்த்தால் மழையிலும் நின்றது. பற்றரியோ என்று புதுசு போட்டால் அதற்கும் நின்றது. எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. “உம்மைப் போலத்தான், கண்ட கண்ட இடத்தில நிண்டு கதைக்குது” என்றார் கணவர். சிரிப்பு வரவில்லை. வேறென்ன செய்வது, வெள்ளிக்கிழமை தோறும் காரைக் கும்பிட்டு, பழைய பொட்டின் மேலேயே புதுச் சந்தனத்தை அப்பினேன். பொனற்றில் ஒன்று, பின்பக்கம் பெற்றோல் ஊற்றும் மூடியில் ஒன்று. காருக்கு அதுதானே வாய்.

மூன்று தடவை பாஸிடம் கொண்டுபோனேன். கராஜில் ஒருமுறைகூட அது நிற்கவில்லை. ஒரு போத்தலில் பெற்றோல் எடுத்து மேலே கட்டித் தொங்கவிட்டு, குழாய் வழியாக நேரே எஞ்சினுக்குக் கொடுத்துப் பார்த்தார். மணிக்கணக்காக ஓடியது. எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை என்றார். காசும் வாங்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. காசு வேண்டாம் என்கிற பாஸை யார் கண்டது? என்னுடைய நல்ல காபரேற்றரை எடுத்துவிட்டு ஏதோ குப்பையைப் பூட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அதை ஆசிரியர் அறையில் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியும் வைத்தேன். அவரிடம் தன் காரைத் திருத்தக் கொடுத்திருந்த ஒரு ஆசிரியை, மறுநாளே போய் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, வழக்கம்போலக் கொள்ளுப்பிட்டியில் நின்றுபோனேன். ஓட்டோக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். பெற்றோல் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். நம்பாமல் போய் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுரண்டலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். ஓட்டோ சாவியால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்ட, அடியில் குண்டூசித் தலையளவு ஓர் ஓட்டை. டாங்கியில் பெற்றோல் குறையக் குறைய அந்த ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டுமாம். போகாவிட்டால் பெற்றோல் எஞ்சினுக்கு வராதாம். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மூடி இடுக்கால் மெல்லக் காற்றுப் போய், திரும்பவும் ஓடுமாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு முகம் எரிந்தது. எட்டாம் வகுப்புக்கு வளியமுக்கம் படிப்பிப்பவள் நான். பால் ரின்னில் ஏன் இரண்டு ஓட்டை போடுகிறோம் என்று பிள்ளைகளிடம் கேள்வி கேட்பவள்.

நேரே கொட்டாஞ்சேனைக்கு விட்டேன். கார் நிற்கவேயில்லை. வழியில் எங்காவது நின்றுவிடாதா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

பாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே துணியில் கையைத் துடைத்தார். ஒருமுறையாவது அந்த மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கலாமே என்று, அப்போதும் விடாமல், கேட்டேன்.

“பொட்டக் கண்டேன் டீச்சர். அது ஒங்கட சாமிக்கி வெச்சது தானே. அதுல நாங்க கை வெக்கிறது சரியில்ல எண்டு விட்டுட்டேன். கார் கழுவக்குள்ளயும் அதச் சுத்தித்தான் தொடச்சோம்.”

அவரைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் சொன்னதையும் சொல்லிவிட்டேன். “தெரியும் டீச்சர்” என்றார். ஒரு மெல்லிய கம்பியை எடுத்து வந்து அந்த ஓட்டையை நன்றாகத் துப்புரவாக்கித் தந்தார்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். அந்த ஆசிரியையும் சிரித்தார். ஆனால் அவருடைய கார் திரும்பவும் அந்தக் கராஜுக்குப் போகவில்லை. நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மொரிஸ் இன்றும் ஓடுகிறது. ஆனால் நான் வைத்த பொட்டில் கை வைக்கக்கூட யோசித்த அந்த மனிதரின் பெயரில், நான் கொஞ்சமும் யோசிக்காமல் சேறு பூசினேன் என்பது, அதில் ஏறி உட்காரும் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் குத்துகிறது.