ஜீப்பில் வராத ரத்தம்

ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, மலைமேல் நெல்லிவாசலிலிருந்து சின்னையன் போனில் பேசினார். "கஸ்தூரி அக்கா போய்ட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க. ஜீப்பு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." எந்திரம் நின்றது. எழுந்து மூடியைத் திறக்க எனக்குத் தெம்பில்லை.

மலையில் நர்ஸாக இருந்த கஸ்தூரியின் பிடிவாதம், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் தெரியும். அதில் வசமாக மாட்டியவன் நான்.

சின்னையன் சாமை விதைப்பவர். காலையில் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது, பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று எழுதி, சில வருடங்களுக்கு முன் அவர் ரத்தத்தை எங்கள் அடிவாரப் பரிசோதனைக் கூடத்துக்குக் கஸ்தூரி அனுப்பினார். சுழற்றிப் பார்த்தால், மேலே வெளிர் மஞ்சளாகத் தெளியவேண்டிய நீர் சிவந்திருந்தது. மலைப்பாதையில் ஜீப் குலுக்கிச் சிவப்பணுக்கள் உடைவது எங்களுக்குப் பழகிய சங்கதி. 'மாதிரி கெட்டுவிட்டது' என்று எழுதிக் கொட்டினேன். இரண்டாம் முறையும் அப்படியே. அதற்குள் அந்த மனிதர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

மூன்றாம் முறை கஸ்தூரியே வந்தார். துண்டில் சுற்றிய குழாயைக் கையில் பிடித்தபடி காட்டுப்பாதையில் நடந்தே இறங்கியிருந்தார். "இப்ப சொல்லுங்க சார், இன்னா குலுங்கிச்சி? நானா?"

சுழற்றினேன். அதே சிவப்பு. அணுக்கள் உடைந்தது ஜீப்பில் அல்ல, சின்னையன் உடம்புக்குள்ளேயே. எனக்கு வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

காரணத்தை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். நம் எதிர்ப்புச் சக்தியே நம் சிவப்பணுக்களை உடைத்துவிடாமல் சில புரதங்கள் காவல் காக்கின்றன. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த சின்ன நங்கூரம் ஒன்றுதான் அவற்றை அணுவோடு பிணைக்கிறது. அதன் கொழுப்பு நுனி அணுவின் மேலுறையில் செருகியிருக்கும், புரதம் வெளியே நிற்கும். சின்னையனின் எலும்பு மஜ்ஜையில் அந்த நங்கூரம் சரியாக உருவாகவில்லை. கஸ்தூரி அவரிடம் சொன்னார்: "பூட்டு நல்லாத்தான் இருக்குண்ணா. மாட்டறதுக்குக் கதவுல கொண்டிதான் இல்ல." மருத்துவர்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. ரத்தம் ஏற்றி, மருந்து கொடுத்து, சின்னையன் எழுந்து நடந்தார்.

அந்த மூன்றாம் குழாயோடு கஸ்தூரி கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. 'ஜீப்பில் வரவில்லை' என்று மட்டும் எழுதியிருக்கும்.

சாவுச் செய்தி வந்த அன்று, ஒருவழியாக எந்திரத்தின் மூடியைத் திறந்தேன். வேறொரு மலையூரிலிருந்து வந்த குழாய் சிவந்திருந்தது. களைப்பில் கை பழைய வார்த்தையை எழுதப் போனது. பேனாவை வைத்துவிட்டு அந்த ஊர் நர்ஸைக் கூப்பிட்டேன்.

"ஜீப்புலதான் சார் அனுப்பினேன். திரும்ப எடுத்து அனுப்பட்டுங்களா?"

"நாளைக்கு எடுத்து வைம்மா, ஜீப்புல அனுப்பாத. கஸ்தூரி அக்கா அடக்கத்துக்கு மலைக்கு வர்றேன். திரும்பும்போது உங்க ஊர் வழியா வந்து நானே கையில எடுத்துக்கிட்டு நடந்து இறங்கறேன்."