பத்தால் பெருக்கிய தண்ணீர்

மீட்டரக்கா என்னைவிட ஏழு வயது இளையவள். அலுவலகத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே கூப்பிடுவேன். அவள் என்னை அண்ணே என்பாள். முறை கெட்டுப்போச்சுதான், என்ன செய்ய! அவளுடைய ஜீப்பை ஓட்டுகிறவன் நான்.

மேலே, நடுவே, கீழே என்று மூன்று பகுதிகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆறு எங்களுடையது. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் எடுப்பவர்கள் மீட்டர் வைத்தே ஆக வேண்டும். அதைப் பார்த்து எழுதி, மாதாமாதம் பொது ஆற்றுக் குழுவுக்கு அனுப்புவது அவள் வேலை. ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியர். குளவி கூடு கட்டிய மீட்டர் பெட்டியையும் வெறுங்கையால் திறப்பாள். எண்ணில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது. “மீட்டருக்கு மாமன் மச்சான் இல்ல” என்பாள்.

அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குப் போயிருந்த அதே வாரம்தான் நாற்றுப் பண்ணைக்காரர்களின் கூட்டு பம்புக்கு, குழுவின் உத்தரவுப்படி சீல் வைக்கப் போனோம். அனுமதி ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். இரண்டு மாதமாக எங்கள் அறிக்கையில் அறுபது லட்சம். எனக்கே ஆத்திரம். ஆற்றையே குடிக்கிறார்களே, பாவிகள்!

பம்பு ஓட்டுகிற அம்மா வாசலை மறித்து நின்றாள்.

“சீல் வெச்சா நாலே நாள்ல அத்தனை நாத்தும் கருகிடும். முப்பது குடும்பம்மா!”

“மீட்டர் சொல்றதத்தான் நான் எழுதறேன்.”

“இந்த மோட்டார ராப்பகலா ஓட்டினாலும் பதினஞ்சு லட்சம் தாண்டாது. நாங்க ஓட்டறது பத்து மணி நேரம். மீதிய என்ன, நான் வாயால உறிஞ்சேனா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீட்டரக்கா சிரிக்கவில்லை. இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை உருட்டிவரச் சொல்லி, குழாய் வாயில் வைத்து, மோட்டாரைப் போடச் சொன்னாள். போனில் நேரம் பார்த்தாள். பன்னிரண்டு விநாடியில் நிரம்பியது. இன்னொரு தடவை, பன்னிரண்டு. மூன்றாவது தடவையும் அதே. உள்ளங்கையில் கணக்குப் போட்டாள்: பத்து மணி நேரத்துக்கு, அதாவது ஒரு நாளைக்கு, ஆறு லட்சம்தான். பிறகு மீட்டர் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தவளின் முகம் வெளிறிவிட்டது.

“அண்ணே, இது புது மீட்டர்.”

“ஆமா, ரெண்டு மாசம் முன்னாடி மாத்தினாங்களே, நாமளும் இருந்தோமே?”

பழைய மீட்டரில் வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். புதியதில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும். ஆறு வருடப் பழக்கத்தில் கை தானாகப் பெருக்கித் தள்ளியிருக்கிறது.

“தப்பு என்னோடதும்மா. சீல் வைக்கல,” என்றாள் அந்த அம்மாவிடம். “ஆனா சீல் உத்தரவு ரத்தாகற வரைக்கும் மோட்டார போடாதீங்க. நாளைக்குள்ள சொல்றேன்.”

அலுவலகத்தில் மேலதிகாரி கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார். அவர் குரலுக்குக் கதவெல்லாம் எம்மாத்திரம்!

“அடுத்த மாசத்துலேருந்து சரியா எழுதிட்டுப் போம்மா. பண்ணைக்காரங்களே குறைச்சுக்கிட்டாங்கன்னு குழுவுல நெனச்சுக்குவாங்க. உன் உத்தரவு மேசை மேல இருக்கு, நீயே கெடுத்துக்காத.”

“அதுவரைக்கும் அவங்க நாத்து தாங்குமா சார்? நம்ம கணக்க நம்பி, ஆத்துல தண்ணி கொறஞ்சுடுச்சுன்னு குழுவுல கீழ்ப்பகுதிக்கும் பங்கக் குறைச்சுட்டாங்க.”

வெளியே வந்தவளை, பிழைக்கத் தெரியாதவள் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

“திட்டுங்கண்ணே. முதல்ல இதப் படிச்சுப் பாருங்க, எண்ணு ஏதாவது தப்பா இருக்கான்னு.”

குழுவுக்கு அனுப்பப்போகும் திருத்த அறிக்கை. கடைசியில் யாரும் கேட்காத ஒரு வரி: இரண்டு மாதமும் தவறாகப் பெருக்கியவள் நான். கீழே அவள் கையெழுத்து. எண்களை இரண்டு தடவை சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் குழுவின் பதில் வந்தது. சீல் உத்தரவு ரத்து. கீழ்ப்பகுதிக்கு மறுபடியும் பழைய பங்கே. மீட்டர் மாற்றிய எல்லா இடங்களையும் டிரம் வைத்துச் சரிபார்க்க வேண்டும், பொறுப்பு அவளுக்கே. அவளுடைய பணி நிரந்தரம் மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போனது.

“ஒரு வருஷந்தானே,” என்றாள். கண் கலங்கித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

உடனே பம்புக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். “மோட்டார போட்டுக்கலாம்மா.” அந்தப் பக்கம் செருப்பு தடதடவென்று ஓடும் சத்தம், அப்புறம் மோட்டார் உறுமல். அந்த அம்மா போனை அங்கேயே வைத்துவிட்டாள் போலிருக்கிறது. நான் சாவியோடு நின்றேன்.

“கிளம்பலாமாக்கா?”

“இருங்கண்ணே, தண்ணி இன்னும் வரல.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள்.

“வந்துருச்சு.”