காரியதரிசி கேட்ட ஜாதகம்

அடையாற்றில் ஆற்றைப் பார்த்தபடி இருந்த ஒரு பங்களாவின் முன்னறை. அங்கே காரியதரிசியின் மேசை இழுப்பறையில், சீமையிலிருந்து வந்த கடிதக் கட்டுகளுக்கு அடியில் ஒரு பஞ்சாங்கம் கிடந்தது. அதை அவர் முதன்முதலாக வெளியே எடுத்து வைத்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்த்தா ஒருத்தி நடுங்குவாள் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. அந்தப் பங்களாவில் ஒரு தனியார் டிரஸ்ட் நடந்துவந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, இறந்துபோன கணவரின் சொத்தை எழுதிவைத்து ஆரம்பித்தது. இங்கிருந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒரு வருஷப் படிப்புக்கு இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து நம் சங்கீதமும் நாட்டியமும் கற்க வருகிறவர்களுக்கு இங்கே இடம் கொடுப்பார்கள். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. விண்ணப்பம் போட்டேன், கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன், தேர்வாகியும்விட்டேன். இனிமேல் கப்பல் டிக்கெட்தான் பாக்கி என்று மிதந்துகொண்டிருந்தபோது டிரஸ்டின் காரியதரிசி கூப்பிட்டனுப்பினார். மயிலாப்பூர்க்காரர். கோட்டுப் போட்டு, கீழே பஞ்சகச்சம் கட்டியிருப்பார். கதவைச் சாத்திவிட்டு, பஞ்சாங்கத்தை எடுத்து வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒன்னோட ஜாதகத்தைக் கொண்டு வாம்மா. நான் பார்க்காம யாரையும் கப்பல் ஏத்தறதில்லே. இது டிரஸ்டுக்குத் தெரியப்படாது."

அதற்குக் காரணம் இருந்தது, அதையும் அவரே சொன்னார். உலகச் சண்டை முடிந்ததும் டிரஸ்ட் முதன்முதலில் அனுப்பிய பையன் வழியில் ஜுரம் கண்டு கப்பலிலேயே போய்விட்டான். உடம்பைக் கடலில் இறக்கிவிட்டார்கள். தந்தியை எடுத்துக்கொண்டு மாடவீதியில் அவன் வீட்டுக்குப் போனவர் இவர்தான். அவன் அம்மா அழவில்லையாம். "ஜாதகத்தை ஒரு தரம் பாத்துட்டு அனுப்பியிருக்கப்படாதா?" என்று மட்டும் கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஒரு வெள்ளைக்காரர் மிருதங்கத்தில் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பத் தட்டித் தப்புப் பண்ணிக்கொண்டிருந்தார்.

என் பயம் வேறு. டிரஸ்டின் விதிப்படி இருபத்தைந்து வயது நிரம்பியிருக்க வேண்டும். பள்ளிக்கூட ஸர்டிபிகேட்டில் எனக்கு இருபத்தைந்து. ஜாதகத்திலோ இருபத்துமூன்று! என்னைப் பெற்ற கொஞ்ச நாளிலேயே அம்மா போய்விட்டாள். மாம்பலத்தில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அப்பா தலைமை ஆசிரியர். குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்? மூன்று வயதில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்து, ரிஜிஸ்தரில் ஐந்து வயது என்று தன் கையாலேயே எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் யார்தான் எழுதவில்லை? ஆனால் தலைமை ஆசிரியரே தன் பெண்ணுக்காகப் பொய்த்தேதி எழுதினார் என்று வெளியே வந்தால், எனக்குக் கப்பலும் போகும், அவருக்கு உத்தியோகமும் போகும்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "பயப்படாதே குழந்தே, நான் பாத்துக்கறேன்" என்றார். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு ஜோசியரிடம் போய், பள்ளிக்கூடத் தேதியைச் சொல்லிப் புது ஜாதகம் ஒன்று எழுதி வாங்கிவந்தார். அடுப்புப் புகையில் இரண்டு நாள் காட்டிப் பழசாக்கினார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதெல்லாம் எங்கிருந்துதான் தெரிந்ததோ! அதைக் கொண்டுபோய்க் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டு நான்கு நாள் நான் சோறு தின்றேனா மண்ணைத் தின்றேனா என்று தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட டிரஸ்ட் சேவகன்தான் வந்துவிட்டான் என்று உடம்பு தூக்கிவாரிப் போடும்.

ஐந்தாம் நாள் நிஜமாகவே சேவகன் வந்தான். போனேன். தொலைந்தோம் என்றுதான் போனேன். காரியதரிசி ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்காத கண்கள். "மன்னிச்சுக்கோம்மா. இந்த வருஷம் ஒனக்கு ஜலகண்டம் இருக்கு, தண்ணியால ஆபத்து. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். ஒன்னை நான் அனுப்பமாட்டேன். வேற காரணம் எழுதிக்கறேன்" என்றார்.

சரி ஸார் என்று எழுந்து வந்திருந்தால் அப்பா பிழைத்தார், நானும் பிழைத்தேன். ஆனால் அப்படி ஓர் ஆசை எனக்கு, அந்தப் படிப்பின் மேல். யாருடையதோ ஒரு கண்டத்துக்கு நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? எப்படியோ சொல்லிவிட்டேன். "ஸார், அது என் ஜாதகமே இல்லை." ரிஜிஸ்தர், அப்பா, ஜோசியர், புகை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அப்பாவை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போலீசைக் கூப்பிடுவார் என்றே நினைத்தேன். அவரோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடா! ஒன் ஜாதகம் இல்லையா? நாலு நாளா என் பிராணன் போயிடுத்து. வயசுங்கறது அவா போட்ட சட்டம். அதுக்கு ஸர்டிபிகேட் இருக்கு, போறும். எனக்கு நிஜ ஜாதகத்தைக் கொண்டு வா. நாளைக்கே."

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டியில இருக்கும், தேடித் தறேன்" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, யாரையோ பார்க்க வேண்டும் என்று வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில், நான் கிளம்பும்போது, மடித்த காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்தார். "இதான் ஒன்னோடது" என்றார். நான் பிறந்த வருஷம்தான் போட்டிருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

காரியதரிசி அதை வாங்கிப் பிரித்தார். கணக்குப் போட்டார். "பேஷ்! ஒரு குறையும் இல்லே. ஆயுசு கெட்டி" என்று சிரித்தபடி மடிக்கப் போனவர் அப்படியே நின்றார். அவர் கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது. காகிதத்தின் மூலையில் தடவிய மஞ்சள் இன்னும் காயவே இல்லை; எழுதி ஒரு ராத்திரிகூட ஆகியிருக்காது. அப்போதுதான் என் விரலையும் பார்த்தேன். அதிலும் மஞ்சள். வருஷம் சரியாகத்தானே இருக்கிறது? பிறகு நிஜத்தைக் காட்ட அப்பாவுக்கு என்ன பயம்? என் ஜாதகத்தில் அவர் எதைப் பார்த்தார்?

காரியதரிசி என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். முந்தின நாள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்ன அதே வாய்தான். அவரும் எதுவும் கேட்கவில்லை. விரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து டிரஸ்டின் தாளில் கையெழுத்துப் போட்டார். "ஜாக்கிரதையாப் போயிட்டு வாம்மா" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

அப்பாவிடம் நான் கேட்கவில்லை, அவரும் கடைசிவரை சொல்லவில்லை. பம்பாயில் கப்பல் ஏறினேன். கூட வந்தவர்கள் எல்லாரும் காற்று வாங்க மேல்தளத்துக்குப் போவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். தலைசுற்றல் என்று பொய் சொல்லிவிட்டு, கரை வரும்வரை கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கீழேயே கிடந்தேன்.