எழுபத்திரண்டு

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா குந்தாரப்பள்ளிச் சந்தையில் லாரிகளில் மாடு ஏற்றுகிறவர், கைநாட்டுதான் வைப்பார். நர்சிங் முடித்து, ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு மருத்துவ வரலாற்றுப் புத்தகமும் அதற்குக் காரணம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கிரேக்கர்களைப் பற்றிய பகுதியை மூன்று முறை படித்திருந்தேன். அங்கே ஒரு வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் நீர்க்கடிகாரத்தை வைத்து நாடியை அளந்தாராம். நோயாளியின் வயதுக்கேற்ப கடிகாரத்தை மாற்றி அமைப்பாராம். துடிப்புகளுக்குப் பெயர்களும் வைத்திருந்தார்கள். மான் துள்ளுவதுபோல ஒன்று, எறும்பு ஊர்வதுபோல ஒன்று. எறும்பு நாடி கெட்ட அறிகுறி. என்னோடு படித்த யாருக்கும் இது தெரியாது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

முதலுதவி அறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் நடுவில் ஒரே சுவர். தகட்டை வெட்டும் பெரிய பிரஸ் ஒன்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் அந்த அதிர்வைப் பல்லில் உணர்ந்தேன். அப்புறம் உடம்பு அதை மறந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் ஸ்டெத் உதவாது. பிபி பார்க்கும் கருவி பழுதுக்குப் போயிருந்தது. எனக்கு என் விரல்கள் போதும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவேன். ஷிப்ட் நடுவில் யாரும் வெளியே போக என் சீட்டு வேண்டும். ‘நார்மல்’ என்று நான் எழுதினால் திரும்ப மிஷினுக்குத்தான் போக வேண்டும்.

மின்வெட்டு தொடங்கியிருந்த வருடம் அது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு அண்ணாச்சி உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது. பிரஸ் ஷாப்பில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

“ஒண்ணுமில்ல தாயி, லேசா கிறுகிறுங்கு. ஒரு மாத்திரை தந்தா போயிருவேன்.”

சுவரை ஒட்டிய இரும்புக் கட்டிலில் படுக்க வைத்து, எப்போதும்போல கட்டில் சட்டத்தின்மேல் அவர் கையை நீட்டி நாடி பிடித்தேன். பதினெட்டு. எழுபத்திரண்டு. நல்ல, அழுத்தமான துடிப்பு.

சூப்பர்வைசர் வாசலில் நின்றார். “இன்னாம்மா சிஸ்டர், ஆளு எழுந்து வருவாரா, இல்ல சாப்பாட்டையும் இங்கயே அனுப்பட்டுமா?”

“நார்மல்தான் சார். அஞ்சு நிமிஷத்துல வருவாரு.”

விரலை நான் இன்னும் எடுக்கவில்லை. அப்போது கரண்ட் போனது. விளக்கு, மின்விசிறி, கடைசியாக பிரஸ். அது நின்றதும் அண்ணாச்சியின் நாடியும் நின்றது.

அவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன தாயி, எல்லாம் சத்தங்காட்டாம கெடக்கு?” என்றார்.

விரலை இன்னும் அழுத்தினேன், பிறகு தளர்த்தினேன். வெகு நேரம் கழித்து, தோலுக்கடியில் ஏதோ ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. மணிக்கட்டு சில்லென்று இருந்தது.

ஜெனரேட்டர் உறுமியது. சுவருக்கு அப்பால் பிரஸ் மெல்ல வேகம் பிடித்தது. அந்தக் குளிர்ந்த கையில், என் விரலுக்கடியில், அழுத்தமான துடிப்பு மறுபடி எழுந்தது. கையை எடுத்து, வெறும் கட்டில் சட்டத்தின்மேல் விரலை வைத்தேன். அங்கேயும் பதினெட்டு.

“சார், வண்டி வேணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு.”

“இப்பதான நார்மல்னு சொன்ன?”

“தப்பாப் பாத்துட்டேன்.”

கம்பெனி வேனில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

மறுநாள் பழைய ரிஜிஸ்டரைத் திறந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். எழுபத்திரண்டு. எழுபத்திரண்டு. நடுவில் ஒரு அறுபத்தெட்டு. அன்று என்ன நடந்தது என்று நினைவில்லை. பிறகு மறுபடி எழுபத்திரண்டு. காய்ச்சலில் வந்தவர், கை வெட்டுப்பட்டு வந்தவர், பயந்துபோய் வந்த புதுப்பெண், எல்லாருக்கும் ஒரே நாடி. பாடப்புத்தகத்தில் இருக்கும் எண் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தக் கிரேக்க வைத்தியர் நீர் சொட்டுவதை வைத்து மனிதனை அளந்தார். நான் ஏழு மாதமாக இரும்பை எண்ணி மனிதர்களின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன்.

நெஞ்சு கரிக்கிறது என்று வந்து, என் சீட்டோடு மிஷினுக்குத் திரும்பிய ஒருவரைப் பற்றி கேன்டீனில் விசாரித்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஊர்ப் பெயரும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடிக்கு அழைத்துப்போனேன். “மரத்தடி ஆஸ்பத்திரி” என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்வார். அங்கே ஒரு கல்லில் உட்காரவைத்துத்தான் நாடி பிடிப்பேன். அதற்கு முன்பு மறக்காமல் கல்லின்மேல் விரலை வைத்துப் பார்ப்பேன், அது துடிக்கிறதா என்று.