மசக்கைக்கு வைத்த எலுமிச்சம்பழங்கள்

மகள் முதல் பிள்ளை உண்டாகி எங்களிடம் வந்திருந்தாள். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டே இருந்தால் மட்டும் நாலு வாய் ரசம் சாதம் உள்ளே போகும். கடைப் பழம் மினுமினுத்தது. அழுகாமலிருக்க மேலே என்ன மருந்து பூசியிருக்கிறார்களோ என்று என் மனைவி அதை வீட்டுக்குள் விடவில்லை. நாள் முழுக்க மூக்கருகே இருக்கும் பொருளாயிற்றே.

மிச்சமிருந்தது எங்கள் குவார்ட்டர்ஸ் பின்புறத்து எலுமிச்சை மரம்தான். மனைவிக்கு ஆசிரியை வேலையில் இன்னும் சர்வீஸ் இருந்ததால், ஓய்வுபெற்ற என்னையும் அந்த வீட்டில் விட்டுவைத்திருந்தார்கள். மரம் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிட்டது. பறித்த பழங்கள் மசக்கை தீரும்வரை தாங்க வேண்டும்.

வேலையில் இருந்தவரை, பிறர் பின்பற்ற வேண்டிய நடைமுறைகளை எழுதியவன் நான். பின்பற்றினார்களா என்று பார்ப்பது வேறு பிரிவு. எனவே இந்தப் பொறுப்பை யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டேன்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து வீட்டு வேலைக்கு வரும் அம்மா, "எங்க வூட்ல தேங்காண்ண தடவி வெச்சிக்கினு இருப்போங்க" என்றார். நான் படித்திருந்தது வேறு. கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழங்களைச் சில நிமிடம் முக்கியெடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு பங்குக்கு எண்ணெய், ஒரு பங்குக்குச் சோடா வெந்நீர். மூன்றாவது பங்கை ஒன்றும் செய்யாமல் விட்டு, மூன்றையும் ஒரே தட்டில் வைத்தேன். சூழ்நிலை சமமாக இருக்க வேண்டுமல்லவா?

"இத ஏன் சும்மா வெச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"எத்தன நாள்ல அழுகுதுன்னு பாக்கணும்."

"பொண்ணு மோந்து பாக்கற பழத்த அழுகவிட்டு வேடிக்க பாக்கணுமா?"

"அப்பதான் மத்தது ஏன் நல்லா இருக்குன்னு தெரியும்."

"நல்லா இருந்தா போதாதா?"

சும்மா வைத்த பழங்கள் கடமை தவறாமல் அழுகின. அவற்றின் பச்சைப் பூஞ்சணத் தூள் பறந்து எண்ணெய்ப் பழங்களையும் பிடித்தது. தட்டில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. மனைவி மீதியைப் பொறுக்கிவைத்துவிட்டுத் தட்டைக் கழுவினாள். கட்டிலில் சுருண்டிருந்த மகள்தான், "சோதன பாஸாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மறுபடி குமட்டியது.

தப்பிய சோடாப் பழங்களை மறுபடி முக்கி, உலர்த்தி, தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றினேன். தினமும் காலையில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். இருப்பு குறையக் குறைய மாலையிலும் பிரித்துப் பார்த்தேன். ஆனால் பழம் தாங்கியது. சோடாவாலா, வெந்நீராலா, காகிதத்தாலா என்று இன்றுவரை தெரியாது. ஒப்பிட ஒரு பழத்தையும் ஒதுக்கும் துணிச்சல் எனக்கு அப்போது இல்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போல் பழத்தை நீட்டினேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்கப்பா, அந்த வாசனதான் இப்ப குமட்டுது. அம்மா, கருவாட்டுக் கொழம்பு வைக்கறியா?"

சாப்பாடு கேட்டது மகள்தானா என்று மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். என் கையில் பழம் கெட்டியாக, நிறம் மங்காமல் இருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. மேசைமேல் வைத்துவிட்டு, கருவாடு வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.